ஆங்கிலம் பயில்வோம்: "நாளை வருகிறேன்"

"அம்மா, நாளை வருகிறேன்" என்று வெளியூரில் பணிபுரியும் மகன் எழுதுகிறான். வருவது நாளை, வினையோ நிகழ்காலம். தமிழில் இதனால் குழப்பம் ஏதும் எழுவதில்லை. ஆனால் அதே மகன் நேர்முகத் தேர்வுக்கு அழைத்த நிறுவனத்துக்கு "ஐ கம் டுமாரோ" என்று எழுதினால், அது பிழையாகிவிடுகிறது. எதிர்காலம் என்றாலே "வில்" என மனப்பாடம் செய்தவரோ எல்லா இடங்களிலும் அதனையே பெய்துவிடுகிறார்.

நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "எப்போது நடக்கும்?" என்பதன்று, "அதை உறுதி செய்தது எது?" என்பதே.

கால அட்டவணையோ நாட்காட்டியோ உறுதி செய்தவற்றுக்குச் சாதாரண நிகழ்காலம் பொருந்தும். வண்டி நாளை ஆறு மணிக்குப் புறப்படுகிறது என்பதை, "தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ" என்பர். "வில் லீவ்" என்பதும் பிழையன்று; எனினும் அட்டவணையைச் சொல்லுமிடத்தில் "லீவ்ஸ்" என்பதே இயல்பு. 2028-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 16-ஆம் நாள் வருகிறது. அதற்கும் "ஈஸ்டர் ஃபால்ஸ் ஆன் ஏப்ரல் சிக்ஸ்டீன்த்" என நிகழ்காலமே போதும்.

மனிதர் பேசி ஏற்பாடு செய்துகொண்டவற்றுக்குத் தொடர் நிகழ்காலம் உரியது. "ஐ ஆம் கமிங் டுமாரோ" என்றால், விடுப்புப் பெற்றாயிற்று, பயணச்சீட்டும் எடுத்தாயிற்று என்ற உறுதி அதில் தொனிக்கும். நிறுவனத்துக்கு நம் இளைஞர் எழுதியிருக்க வேண்டியதும் இதுவே.

பேசும் நொடியில் எடுக்கும் முடிவுக்கும், வாக்குறுதிக்கும், ஊகத்துக்கும் "வில்" ஏற்றது. மழைக்கு அட்டவணை கிடையாது அன்றோ? ஆகவே "இட் ரெயின்ஸ் டுமாரோ" என்பது தவறு. "இட் வில் ரெயின் டுமாரோ" என்க.

இன்னும் ஓர் எச்சரிக்கை. "போய்ச் சேர்ந்ததும்" என்னும் பொருளில் "வென்" வருமிடத்தில், அதனை அடுத்து "வில்" சேர்த்தலாகாது. "வென் ஐ ரீச் சென்னை, ஐ வில் ரைட் டு யூ" என்பதே முறை. "இஃப்" என்னும் நிபந்தனைச் சொல்லுக்கும் பொதுவாக இவ்விதியே.

பெற்றோரே, இன்று இரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளைகளிடம் மூன்று வாக்கியங்கள் கேளுங்கள்: தேர்வு தொடங்கும் நாள், ஊரிலிருந்து மாமா வருகை, நாளைய மழை. மூன்றுக்கும் மூன்று வினைவடிவங்கள் வந்தால், பாடம் மனத்தில் பதிந்தது என நாம் மகிழலாம்.