காட்டேரியிடம் சொன்ன கதை



இம்மாதம் உங்களுடன் இரத்தக் காட்டேரிகளைப் பற்றிக் கதைக்கப் போகின்றேன். பயப்பட வேண்டாம். இவை எமது ஊர்ப் புளியமரத்துப் பேய்கள் அல்ல, அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்தில் வருபவை. செத்துப் புதைக்கப்பட்டவர் குழியிலிருந்து எழும்பி, உயிருள்ளவரின் கழுத்தைக் கடித்து இரத்தம் குடிப்பார். வெயில் பட்டால் எரிந்து போவார். கூரான மரத்துண்டை நெஞ்சில் இறக்கினால் தூசியாகி விடுவார். இவர்களைக் கொல்வதற்கென்றே விதிக்கப்பட்ட பஃபி என்ற பெண்ணின் கதை, 1997 மார்ச் முதல் 2003 மே வரை 144 அங்கங்களாக ஒளிபரப்பாகியது. பகலில் பாடசாலை, இரவில் மயானத்தில் காவல். ஊர் நிம்மதியாகத் தூங்கும். யாரால் தூங்குகின்றோம் என்பது ஊருக்குத் தெரியாது.

கனடாவில் இருக்கும் என் பெறாமகள்தான் இதை எனக்கு அறிமுகப்படுத்தியவள். ஊருக்கு வந்திருந்தபோது இறுவட்டுக்களைக் கொண்டு வந்து ஒவ்வொரு இரவும் போட்டுக் காட்டினாள். நாடகம் முடிந்து இருபது வருடங்களுக்கு மேலாகி விட்டது. அவளும் சிநேகிதிகளும் இன்னமும் தொலைபேசியில் அதைப் பற்றித் தர்க்கித்துக் கொண்டுதான் இருக்கின்றார்கள். பிள்ளைகளைப் பெற்று, வேலைக்குப் போகின்ற பெண்கள்! எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகுதான் அவர்கள் எதைக் கதைக்கின்றார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன்.

அவர்கள் அதிகம் சண்டை பிடிப்பது ஆறாம் பருவத்தைப் பற்றியே. ஐந்தாம் பருவத்தின் முடிவில், 2001 மே மாதம், தங்கையைக் காப்பாற்றுவதற்காகப் பஃபி தன் உயிரை விடுகின்றாள். அடுத்த பருவத்தில் சிநேகிதர்கள் மந்திரத்தால் அவளைத் திரும்ப எழுப்புகின்றார்கள். தன் சவப்பெட்டியைத் தானே உடைத்து, மண்ணைக் கையால் கிளறிக் கொண்டு வெளியே வருகின்றாள். நரகத்திலிருந்து உன்னை மீட்டு விட்டோம் என்று சிநேகிதர்களுக்கு ஒரே சந்தோஷம். அவளோ அமைதியான ஓர் இடத்தில் இருந்தவள். அங்கிருந்து பிடுங்கி எடுத்து விட்டார்கள். இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிச் சிரித்து விட்டு வெளியே போகின்றாள். அங்கே நிற்கின்ற ஸ்பைக் என்ற காட்டேரியிடம் மாத்திரம் உண்மையைச் சொல்கின்றாள்.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் எமக்குப் பழக்கமான கதை. தாயார் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து முன்னரே இறந்து விட்டார். வீட்டில் பராமரிக்கத் தங்கை இருக்கின்றாள். நிலவறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து வெள்ளம். திருத்தக் காசில்லை. வங்கிக்குப் போய்க் கடன் கேட்கின்றாள், பிணை வைக்க ஒன்றுமில்லை என்று மறுக்கின்றார்கள். தங்கையை வளர்க்க இவளுக்குத் தகுதி உண்டா என்று பார்க்கச் சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வருகின்றார். கடைசியில் இறைச்சி பணிஸ் விற்கின்ற கடையில் தொப்பி போட்டுக் கொண்டு வேலை செய்கின்றாள். உலகத்தைப் பல தடவை அழிவிலிருந்து காத்தவள்!

இரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். வீர சாகசம் பார்க்க வந்த எங்களுக்கு ஏன் இந்தச் சோகம் என்று ஒரு பகுதியினர் கோபித்தார்கள். மற்றப் பகுதியினர், மனச்சோர்வு நோயினால் கஷ்டப்பட்டவர்கள் பலர், எங்களைப் பற்றி எடுத்த பருவம் இது ஒன்றுதான் என்றார்கள். பெறாமகளின் சிநேகிதி ஒருத்தி பஃபிக்காக மணிக்கணக்கில் வாதாடுவாளாம். பஃபிக்குக் கட்டிலை விட்டு எழும்ப ஏலாமல் இருந்தது, அது சோம்பல் இல்லை, உங்களுக்கு விளங்காது என்பாளாம். அவள் தன் பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு எட்டு மாதம் எப்படி இருந்தாள் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். ஒருவரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. பஃபியைப் பற்றியே பதில் சொல்வார்கள்.

எமக்கு இது புதிதில்லையே. "மெட்டி ஒலி" ஓடிய காலத்தில் சரோவின் மாமியாரை நாங்கள் திட்டாத திட்டா? சரோவுக்காக அழுத எல்லோரும் சரோவுக்காகத்தான் அழுதார்கள் என்று நான் நம்பவில்லை.

அதே ஆறாம் பருவத்தில், 2002 மார்ச் மாதம் வந்த ஓர் அங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிசாசு ஒன்றின் நஞ்சு ஏறியதால் பஃபிக்கு ஒரு தோற்றம் வருகின்றது. அதில் அவள் மனநல மருத்துவமனையில் இருக்கின்றாள். பெற்றோர் இருவரும் பக்கத்தில். காட்டேரிகளும் சிநேகிதர்களும் உன் நோயின் கற்பனை என்கின்றார் வைத்தியர். எது மெய்? கடைசிக் காட்சி மருத்துவமனையிலேயே முடிவதால், முழு நாடகமும் ஒரு நோயாளியின் கனவுதானா என்று இரசிகர்கள் இன்று வரை முட்டிக் கொள்கின்றார்கள். எனக்கு அந்தப் புதிரில் அக்கறை இல்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அவள் சிநேகிதியிடம் சொல்கின்ற ஒரு சிறு விபரம். முதன்முதல் காட்டேரியைக் கண்டபோது பெற்றோரிடம் சொன்னாளாம். அவர்கள் பயந்து போய் அவளை ஒரு மனநல நிலையத்தில் சேர்த்தார்கள். சில வாரங்கள் இருந்தாள். அதைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தினாள், விட்டு விட்டார்கள்.

கண்ணால் கண்டதைச் சொன்னதற்காக "அவளுக்குக் கொஞ்சம் பிசகு" என்று பெயர் வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். உளவளத்துணைப் பணியில் சில காலம் இருந்தவள் நான். ஒருத்தி கதைக்காமல் இருக்கின்றாள் என்றால் சுகமாகி விட்டாள் என்று வீட்டார் எழுதிக் கொள்கின்ற வழக்கம் அமெரிக்காவிலும் இருக்கின்றது போலும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த அங்கத்துக்கு வருகின்றேன். 2002 நவம்பர் மாதம் ஒளிபரப்பாகியது, இறந்தவர்களுடனான உரையாடல்கள் என்று பெயர். விஞ்ஞானப் புனைகதை இரசிகர்கள் தாங்களே வாக்களித்துக் கொடுக்கின்ற ஹியூகோ விருது 2003இல் இதற்குக் கிடைத்தது. பஃபி இரவுக் காவலுக்குப் போகின்றாள். புதுக் குழியிலிருந்து ஒருவன் எழும்புகின்றான். அடிபாடு தொடங்குகின்றது. நடுவில் அவன் நிறுத்தி, நீ பஃபி அல்லவா, ஒரே பாடசாலையில் படித்தோமே என்கின்றான். பெயர் ஹோல்டன். பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவன். பிறகென்ன, சண்டையை விட்டுக் கதைக்கத் தொடங்குகின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு கல்லறையின் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கின்றாள், அவன் பக்கத்திலிருந்து கேள்வி கேட்கின்றான். உளச்சிகிச்சை அறையேதான்!

அவள் சொல்வது இலேசான விடயமில்லை. என்னைச் சுற்றியுள்ளவர்களை விட நான் மேலானவள் என்று சில வேளை எனக்குத் தோன்றுகின்றது, அப்படித் தோன்றுவதால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை, அவர்களின் அன்புக்கு நான் தகுதியற்றவள் என்கின்றாள். அவன் கேலியாகவும் கரிசனையாகவும், உனக்கு உயர்வு மனப்பான்மை இருக்கின்றது, அதை நினைத்துத் தாழ்வு மனப்பான்மையும் இருக்கின்றது என்று விளக்குகின்றான். ஏழு பருவங்களில் எந்தச் சிநேகிதரும் இவ்வளவு பொறுமையாக அவளைக் கேட்டதில்லை. கடைசியில் அவள் மரத்துண்டை எடுக்கின்றாள். அவன் தூசியாகின்றான்.

ஹோல்டனை இரசிகர்களுக்கு நன்றாகப் பிடித்து விட்டது. இன்னும் சில அங்கங்களுக்கு அவனை விட்டு வைத்திருக்கலாம் என்று பெறாமகள் இப்போதும் கவலைப்படுகின்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நன்றாகக் கேட்டான், மெய்தான். பேச்சு முடிந்ததும் அவளுடைய இரத்தத்தைக் குடிக்கத்தானே இருந்தான்? அவனுக்கு அவள் எதிரி மட்டுமில்லை, சாப்பாடும்.

சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் எமது கதைகளைக் கேட்க எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். படிவத்துடன் வந்தார்கள், ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்தார்கள், புகைப்படக் கருவியுடன் வந்தார்கள். மிகவும் இதமாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். எல்லோரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் இவர் கேட்டு விட்டு இதை எங்கே கொண்டு போகின்றார், என் பெயர் அதில் வருமா, அடுத்த மாதமும் வருவாரா என்று திருப்பிக் கேட்கின்ற உரிமை எமக்கு உண்டு. நல்ல உளவளத்துணையாளர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். நீங்கள் கேட்பதற்கு முன்னரே சொல்லி விடுவார்.

உளச்சிகிச்சையை உள்ளபடி காட்ட முயன்ற நாடகம் ஒன்றும் இருக்கின்றது. 2005இல் இஸ்ரேலில் "பெ திப்புல்" என்ற பெயரில் வந்தது, 2008இல் அமெரிக்காவில் "இன் ட்ரீட்மென்ட்" என்று மீண்டும் எடுக்கப்பட்டது. அரை மணி நேரம், ஓர் அறை, கதிரைகள். ஒருவர் கதைக்க ஒருவர் கேட்பார். திங்கள் ஒருவர், செவ்வாய் இன்னொருவர் என்று கிழமை நாட்களுக்கு ஆட்கள் பங்கிடப்பட்டிருக்கின்றார்கள். இதை விரும்பிப் பார்க்கின்றார்களா என்று நான் கேட்டேன். பைத்தியமாகப் பார்த்தார்களாம்.

செவ்வாய்க்கிழமைக்காரன் அலெக்ஸ் ஒரு விமானி. ஈராக்கில் அவன் போட்ட குண்டு ஒரு மதரசாவில் விழுந்து 16 சிறுவர்கள் இறந்து விட்டார்கள். நான் நன்றாகத் தூங்குகின்றேன், எனக்கொன்றும் இல்லை என்கின்றான். ஆனால் ஓடி ஓடித் தன் இதயமே நின்று போகும் வரை ஓடியவன். குண்டு விழுந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று நிற்கின்றான். இஸ்ரேலிய மூல நாடகத்திலும் குண்டு போட்ட விமானி ஒருவன் இதே போல வந்திருக்கின்றான். 1996 முதல் எமது தலைக்கு மேல் பறந்த கிபிர் விமானங்களும் அந்நாட்டில் செய்யப்பட்டவைதாம். அந்தச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பிள்ளைகளை இழுத்தவர்கள் இந்த நாடகத்தை எப்படிப் பார்ப்பது?

நான் பார்த்தேன். முதல் இரண்டு கிழமையும் எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. பிறகு அவன் பயிற்சிப் பறப்பொன்றில் விழுந்து இறக்கின்றான். அது விபத்தா, தானே தேடியதா என்று நாடகம் சொல்லாது. இரசிகர்கள் அதைத்தான் கிளறிக் கிளறிக் கதைத்தார்கள். அவனுடைய தகப்பன் அந்த அறைக்கு வந்து, என் மகன் உங்களிடம் என்ன சொன்னான் என்று கேட்கின்ற காட்சியில் நான் அழுதேன். ஆயினும் ஒன்று எனக்கு உறுத்திக் கொண்டே இருக்கின்றது. அவனுக்குச் செவ்வாய்க்கிழமை இருந்தது. அந்தப் 16 பிள்ளைகளின் தாய்மாருக்கு அந்த நாடகத்தில் ஒரு கிழமை நாளும் ஒதுக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமையில் சிகிச்சையாளரே போய்த் தன் மூத்த ஆசிரியையின் முன்னால் உட்காருவார். நான்கு நாளும் பொறுமையாகக் கேட்டவர் அங்கே கத்துவார், குறை சொல்வார், பொய்யும் சொல்வார். எமது கிராமங்களில் வேலை செய்கின்ற இளம் உளவளத்துணைப் பிள்ளைகளை நினைத்துக் கொண்டேன். அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தாம், அண்ணனையோ தகப்பனையோ தேடுகின்றவர்கள்தாம். மாலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய் உலை வைக்கின்றார்கள். அவர்களுடைய வெள்ளிக்கிழமை எங்கே? திட்டங்களுக்கு நிதி கேட்டு எழுதுகின்றவர்கள் வாகனச் செலவுக்கு ஒரு வரி போடுகின்றார்கள், இதற்கும் ஒரு வரி போடலாம்.

பக்கம் முடியப் போகின்றது. வழமை போல உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கின்றேன். இம்முறை ஒரு சிறிய மாற்றம். நீங்கள் பார்த்த நாடகம் எதுவாகவும் இருக்கட்டும், அதில் வருகின்ற ஒரு பெண்ணைப் பற்றி, அவளுக்கு என்ன நடந்தது, அவள் யாரிடமும் சொல்லாதது என்ன என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரும் ஊரும் வேண்டாம். அவளுடைய பெயரைப் போட்டால் போதும்.