ஏழரை வருஷம் கழித்துக் கிடைத்த விமானம்: கடலடியை அளக்கும் ஆளில்லா வாகனம் எப்படி வேலை செய்யுது, யாருக்காக வேலை செய்யணும்?

2016 ஜூலை 22 காலை. சென்னை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது ஏ.என்.-32 ரக விமானம். உள்ளே 29 பேர். வங்கக் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது தொடர்பு அறுந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் செப்டம்பரில், 29 பேரும் இறந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று குடும்பங்களுக்குத் தகவல் போனது.

2024 ஜனவரி 12-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், விமானச் சிதைவுகள் படம் பிடிக்கப்பட்டிருக்கின்றன; அவை ஏ.என்.-32 ரகத்தோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல்போனதாகப் பதிவு இல்லை என்பதால், இது அந்த விமானமாகவே இருக்கக்கூடும் என்றது அறிவிப்பு.

படம் பிடித்தது ஆள் இல்லாத ஒரு வாகனம். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) இயக்கும் தானியங்கி நீர்மூழ்கி வாகனம் அது. சுருக்கமாக ஏ.யு.வி. இதன் பெயரைக் கவனிக்க வேண்டும்: ‘ஓஷன் மினரல் எக்ஸ்ப்ளோரர் 6000’. அதாவது, கடலடியில் கனிமம் தேடுவதற்கான வாகனம்.

2016-ல் ஏன் கிடைக்கலை?

செவ்வாய்க் கிரகத்தையே படம் எடுக்கிறோம், பக்கத்தில் இருக்கும் வங்கக் கடலைப் பார்க்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். தடையாக இருப்பது தண்ணீர். வெளிச்சம் சில நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. ரேடார், ஜி.பி.எஸ்., செல்போன் எல்லாவற்றுக்கும் ஆதாரமான ரேடியோ அலைகளைக் கடல்நீர் மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடும். ஆழத்துக்குப் போய்த் திரும்பி வரக்கூடியது ஒலி மட்டும்தான்.

அதனால்தான் கப்பலின் அடியில் சோனார் கருவி பொருத்தி, ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 3,400 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப நாலரை நொடி.

ஆனால் டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போக விரிவது போல, ஒலிக்கற்றையும் விரியும். ஒரு டிகிரி அகலமுள்ள கற்றை என்று வைத்துக்கொண்டால், 3,400 மீட்டர் ஆழத்தில் அது விழும் இடம் சுமார் 60 மீட்டர் அகலம். ஏ.என்.-32-ன் இறக்கை, முனைக்கு முனை 30 மீட்டர்கூட இல்லை. முழு விமானமே விழுந்து கிடந்தாலும், கப்பலின் வரைபடத்தில் அது ஒரே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். நொறுங்கிக் கிடந்தால் சொல்லவே வேண்டாம்.

ஏ.யு.வி. என்ன வித்தியாசமா செய்யுது?

கருவியைக் கடலின் மேல் வைப்பதற்குப் பதிலாகக் கீழே கொண்டுபோகிறது. அதே ஒரு டிகிரி கற்றையைத் தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் இருந்து அனுப்பினால், புள்ளியின் அகலம் சுமார் ஒரு மீட்டராகச் சுருங்கிவிடும். இன்னும் கீழே இறங்கினால் கேமரா ஃபிளாஷ் போட்டுப் புகைப்படமே எடுக்கலாம்.

பார்க்க டார்பிடோ மாதிரி நீளமாக இருக்கும் இந்த வாகனத்துக்குக் கப்பலோடு கேபிள் இணைப்பு கிடையாது. கேபிள் கட்டி, மேலிருந்து ஒருவர் இயக்கும் வாகனம் வேறு ரகம், அதை ஆர்.ஓ.வி. என்பார்கள். ஏ.யு.வி.க்குப் போக வேண்டிய பாதையை முன்கூட்டியே கணினியில் ஏற்றிவிடுவார்கள். பேட்டரியில் ஓடும். வயலில் ஏர் ஓட்டுவது போல ஒரு கோடு போய், திரும்பி, அதை ஒட்டி அடுத்த கோடு வரும். எங்கே இருக்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். இல்லாமல், தன் வேகத்தையும் திசையையும் தானே அளந்து கணக்குப் போட்டுக்கொள்ளும். அவ்வப்போது கப்பலிலிருந்து வரும் ஒலி சமிக்ஞை அந்தக் கணக்கைத் திருத்தும்.

ஆறாயிரம் மீட்டர் ஆழத்தில் அழுத்தம், நாம் தரையில் உணர்வதைப் போல 600 மடங்கு. ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தில் 600 கிலோ எடை உட்கார்ந்திருப்பது போல. அதைத் தாங்கும் உடலும் பேட்டரியும் செய்வதுதான் செலவை ஏற்றுகிறது.

கண்டுபிடிச்சா மட்டும் போதுமா?

ஏர் பிரான்ஸ் 447 விபத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. 2009 ஜூன் 1-ல் அட்லாண்டிக் கடலில் விழுந்த அந்த விமானத்தில் 228 பேர் இறந்தார்கள். முதல் இரண்டு வருஷத் தேடலில் கடலடியில் இருந்த சிதைவு கிடைக்கவில்லை. 2011-ல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் குழு ‘ரீமஸ் 6000’ ரக ஏ.யு.வி.க்களை இறக்கியது. சில நாட்களிலேயே சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவு தெரிந்தது. அடுத்த மாதம் ஆர்.ஓ.வி. இறங்கி கருப்புப் பெட்டிகளை எடுத்துவந்தது. வேகம் காட்டும் குழாய்களில் பனி அடைத்ததும், குழம்பிய விமானிகள் விமானத்தைச் சரியாகக் கையாளாததும் தெரியவந்தன. விமானிகளுக்கான பயிற்சியே மாறியது.

அதாவது ஏ.யு.வி. பார்க்கும்; எடுக்காது. படம் ‘எங்கே’ என்பதைச் சொல்லும். ‘ஏன்’ என்பதைச் சொல்லாது. அதற்கு இரண்டாவது வாகனம் இறங்க வேண்டும். என்.ஐ.ஓ.டி. உருவாக்கிய ‘ரோசப் 6000’ என்ற ஆர்.ஓ.வி., 2010-லேயே 5,000 மீட்டருக்குக் கீழே இறங்கிக் காட்டியது. திறமை நம்மிடம் இல்லாமல் இல்லை.

உலகக் கடலில் எவ்வளவு அளந்தாச்சு?

நிப்பான் அறக்கட்டளையும் ‘கெப்கோ’ அமைப்பும் சேர்ந்து நடத்தும் ‘சீபெட் 2030’ திட்டம், உலகக் கடலடி முழுவதையும் வரைந்து முடிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. 2017-ல் தொடங்கியபோது நவீன முறையில் அளக்கப்பட்டிருந்தது 6 சதவீதம். 2025 ஜூன் கணக்குப்படி 27.3 சதவீதம். மீதிக்கு நம்மிடம் இருப்பது, செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் மேடுபள்ளத்தைப் பார்த்து ஊகித்த மங்கலான படம்தான்.

வேகம் ஏன் இவ்வளவு குறைவு? ஒரு கணக்குப் போடலாம். ஏ.யு.வி. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில், ஒரு கி.மீ. அகலத்தை அளந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினாலும் ஒரு நாளைக்கு 144 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சி அளவு இடத்தை முடிக்கவே மூன்று நாள். இந்தியாவின் தனிப்பொருளாதாரக் கடல் மண்டலம் சுமார் 23 லட்சம் சதுர கி.மீ. ஒரே ஒரு வாகனம் ஒரு நாள்கூட ஓயாமல் ஓடினால் 40 வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆக, எல்லாவற்றையும் உடனே அளக்க முடியாது. கப்பல் சோனார் பரவலாக அளக்க, ஏ.யு.வி. முக்கியமான இடங்களில் மட்டும் இறங்க வேண்டும். அப்படியானால், எந்த இடம் முதலில் என்பதை யார் முடிவு செய்வது?

இப்போ முதலிடம் யாருக்கு?

2021-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்தின் மதிப்பு ரூ.4,077 கோடி. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கி.மீ. பரப்பில் பலவுலோக முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. நிக்கல், கோபால்ட், தாமிரம், மாங்கனீசு கலந்த, உருளைக்கிழங்கு அளவுள்ள கற்கள் அவை. 2024 டிசம்பரில் இதே ஏ.யு.வி., இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டுப் பகுதியில் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீர் கக்கும் ஊற்று ஒன்றைப் படம் பிடித்தது. அங்கேயும் கந்தகக் கனிமங்கள் உண்டு.

கனிமம் தேடுவது தப்பில்லை. பேட்டரிக்கும் மின்சார வாகனத்துக்கும் அந்த உலோகங்கள் வேண்டும். ஆனால் கனிமம் இருக்கும் இடம் மட்டும்தான் துல்லியமாக அளக்கப்படும் என்றால், கரையில் இருப்பவர்களுக்கு என்ன மிச்சம்?

சுனாமியை எடுத்துக்கொள்ளலாம். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வரும் அலை, பத்து மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கி.மீ.க்குக் குறைந்து, உயரத்தில் எகிறும். எந்த ஊரில் எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு கடலடியின் வடிவத்துக்கு. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த நாகப்பட்டினத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கரையோரத்தை அளக்க ஆறாயிரம் மீட்டர் வாகனம்கூடத் தேவையில்லை. படகு சோனாரும், சிறிய ரக ஏ.யு.வி.க்களும் போதும்.

ரகசியம் என்ற சாக்கு

கடலடி வரைபடம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கும் பயன்படும் என்பதால் வெளியிட முடியாது என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் எல்லாத் தரவையும் அதே அலமாரியில் பூட்ட வேண்டியதில்லை. மலேசிய விமானம் எம்.எச்.370-ஐத் தேடியபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் சுமார் 2.8 லட்சம் சதுர கி.மீ. அளக்கப்பட்டது. அந்தத் தேடலில் விமானம் கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைத்த வரைபடத்தை ஆஸ்திரேலியா 2017, 2018-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. துயரத்தில் தொடங்கிய வேலை அறிவியலுக்குச் சொத்தாக மாறியது.

இந்தியா மூன்று விஷயங்களைச் செய்யலாம். ஒன்று, பாதுகாப்புக்குச் சிக்கல் இல்லாத பகுதிகளின் தரவைக் காலக்கெடு வைத்துப் பொதுவில் வெளியிடுவது. இரண்டு, கனிமப் பகுதிகளுக்கு இணையாக, சுனாமி அபாயமுள்ள கரையோரங்களுக்கும் விமான, கப்பல் பாதைகளுக்கும் அளவீட்டு நாட்களை ஒதுக்குவது. மூன்று, கடலில் விமானமோ கப்பலோ மறைந்தால் ஏ.யு.வி.யும் ஆர்.ஓ.வி.யும் எத்தனை நாளில் புறப்பட வேண்டும் என்பதை இப்போதே எழுதி வைப்பது.

தாம்பரத்திலிருந்து கிளம்பிய 29 பேரின் வீடுகளுக்கு ஏழரை வருஷம் கழித்துத்தான் ‘எங்கே’ என்பதற்கு ஒரு பதில் வந்தது. அடுத்த முறை ஒரு குடும்பம் கரையில் காத்திருக்கும்போது, வாகனம் பள்ளிக்கரணையிலேயே தயாராக இருக்கிறது. அதை எவ்வளவு சீக்கிரம் இறக்குகிறோம் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.