கிணறு இறைக்கும் தொழிலாளிக்கு மின்சார வான்

குடாநாட்டில் ஊரூராகச் சென்று கிணறு இறைத்தும் தண்ணீர்த் தொட்டி கழுவியும் பிழைக்கும் தொழிலாளி மின்சார வானுக்கு மாறலாமா? மாறத்தான் வேண்டும் என்பதே எமது கருத்து.

2022 ஆடியில் வான் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் எரிபொருள் என்று அளந்து கொடுத்தார்கள். அதில் வான் ஓடுவதா, இறைக்கும் இயந்திரம் ஓடுவதா? 1990 இன் பின், தடைக்காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் ஓட்டியவர்கள் நாம். எத்தனை முறைதான் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது? யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்வர 70 கிலோமீற்றரும் ஆகாது. மின்சார வானுக்கு அது பெரிய தூரமன்று. வானின் பற்றரியாலேயே இறைக்கும் இயந்திரத்தை இயக்கும் வசதியும் சில மாதிரிகளில் உண்டு.

எண்ணெயால் இன்னொரு கேடும் உளது. எமது சுண்ணக்கல் நிலத்தில் சிந்தியது கிணற்றை அடையும். சுன்னாகத்தில் கிணறுகள் எண்ணெயால் மாசடைந்த வழக்கில், அங்கு மின்னிலையம் நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிணற்றைத் துப்புரவாக்கப் போகிறவர் கிணற்றடியில் டீசல் சிந்துவது முறையோ?

மின்சாரம் மட்டும் கைகொடுத்ததா என்பீர்கள். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள், உண்மை. வெயிலுக்கோ இங்கு பஞ்சமில்லை. ஆயினும் வெயில் எறிக்கும் வேளையில் வான் வீட்டில் நில்லாது, தெருவில் நிற்கும். ஆகவே கூட்டுறவுச் சங்கக் கூரைகளிலும் சந்தைக் கூரைகளிலும் சூரிய மின்தகடுகள் பதித்து, நண்பகலில் மின்னேற்ற இடமளிக்க வேண்டும்.

2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசாங்கம் 2025 இல் திறந்துவிட்டது. வரிச்சுமையோ தொழிலாளி தாங்கக்கூடியதன்று. உழைக்கும் வானுக்கு வரியைக் குறைக்குமாறு எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கேட்பார்களா?