முரசு எல்லாருக்கும்தான்!



சுதந்திர தினம், குடியரசு தினம் என்றதும் கொடியும் மிட்டாயும் நினைவுக்கு வரும். கூடவே, 'டம்... டம்...' என்று நெஞ்சுக்குள் அதிரும் பேண்டு வாத்தியமும் வரும், இல்லையா? கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டம் ஆனதால், மாவட்ட விழா அணிவகுப்பைப் பார்க்க நாம் விழுப்புரம் போக வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். பெரிய டிரம் 'டம்' என்று அழுத்தமாக ஒலிக்கும்போது, பெரும்பாலும் நடப்பவர்களின் இடது கால் தரையில் படும். நூறு பேர் ஒருவராக நடப்பது அந்த ஒலியால்தான். ஆண்டுதோறும் ஜனவரி 29ல், டில்லியில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியை டி.வி.,யில் பார்த்தால், இது நன்றாகப் புரியும்.

ராணுவ பேண்டில் பெரிய டிரம்மை ஒருவரும், சைடு டிரம்மை வேறொருவரும் சுமந்து அடிப்பர். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள், பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிக்க ஒரு கருவியைப் பொருத்தினர். இரண்டு பேர் வேலையை ஒருவரே உட்கார்ந்து செய்தார்! 1930களில் அந்த இசைக்கு, 'ஸ்விங்' என்று பெயர், அதாவது, ஊஞ்சலாட்டம். ராணுவ டிரம் நடக்க வைத்தது; இது ஆட வைத்தது.

அந்தக் காலத்தில் சிறந்து விளங்கியவர் சிக் வெப். சிறு வயதிலேயே முதுகெலும்பில் காசநோய் தாக்கியது. முதுகு வளைந்தது, உயரமும் கூடவில்லை. 'உடல் இறுக்கம் தளர, வாத்தியம் வாசிக்கட்டும்' என்றார் மருத்துவர். செய்தித்தாள் விற்றுக் காசு சேர்த்து டிரம் வாங்கினான் அந்தச் சிறுவன். வளர்ந்தபின், தன் உடலுக்கு ஏற்றபடி மிதிகளைச் செய்து கொண்டார். 1937ல், நியூயார்க் சவாய் நடன அரங்கில் நடந்த போட்டியில், புகழின் உச்சியில் இருந்த பென்னி குட்மேன் குழுவையே வென்றது, இவர் குழு. 1939ல் மறைந்த இவரை, டிரம் கலைஞர்கள் இன்றும் போற்றுகின்றனர்.

பள்ளி பேண்டு குழுவுக்கு ஆள் எடுக்கும்போது, உயரமான, திடமான பிள்ளைகளையே நிறுத்துவதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். குள்ளமான பிள்ளையும், கால் ஊனமான பிள்ளையும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். இது நியாயமா? தாளத்துக்குத் தேவை காதும், கையும், பயிற்சியும்தானே!

உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நண்பன் இருந்தால், 'இவனுக்கும் குச்சியைக் கொடுங்கள், ஐயா' என்று நீங்களே கேளுங்கள். கல்வராயன் மலையில் உள்ள பிள்ளைகளே... பள்ளியில் பேண்டு இல்லை என்று ஏங்க வேண்டாம். ஊர்த் திருவிழாவில் மேளம் அடிக்கும் பெரியவரிடம் மரியாதையோடு கற்றுக் கொள்ளுங்கள். அதுவும் உயர்ந்த கலைதான்.

அடுத்த அணிவகுப்பில், ஓரத்தில் யாரும் நிற்கக் கூடாது. கேட்பீர்கள்தானே?