கொங்கிறீற் போட்டு மூடிவிட்டால் சரியா?

ரொறன்ரோவில் பேஸ்மென்றுக்குள் புதிதாக ஒரு வோஷ்றூம் போட நினைக்கும் தமிழருக்குப் பிளம்பர் கிடைக்குமுன் அறிவுரை கிடைத்துவிடும். "பெர்மிட் கிர்மிட் ஒண்டும் எடுக்காதேங்கோ. சிற்றிக்காரன் ஒருக்கா உள்ள வந்தானெண்டால் பிறகு விடமாட்டான்." கலியாண மண்டபத்திலும் இதைச் சொல்கிறார்கள், கோயில் வாசலிலும் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பொறியியல் படித்தவர்களும் உண்டு. பெர்மிட் என்பது நகரசபை காசு பிடுங்கும் வழி, என் வீட்டுக்குள் நான் செய்வதை எவனும் பார்க்கத் தேவையில்லை என்பது இவர்களின் அசையாத நம்பிக்கை.

இந்த நம்பிக்கை பிழையானது. பிழையின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரரும் அல்லர்.

கொமட்டையோ கைகழுவும் தொட்டியையோ இருந்த இடத்திலேயே மாற்றுவதற்கு யாரும் பெர்மிட் கேட்பதில்லை. புதிய வோஷ்றூம் வேறு விஷயம். தரைக் கொங்கிறீற்றை உடைத்து, மண்ணைத் தோண்டி, 3 அங்குல வடிகுழாயைப் பிரதான குழாயோடு பொருத்த வேண்டும். அந்தக் குழாய் 50 அடிக்கு ஓரடியாவது சரிய வேண்டும் என்கிறது ஒன்ராறியோ கட்டட விதி. சரிவு குறைந்தால் கழிவு நடுவழியில் தங்கும். காற்றுக்குழாய் ஒழுங்காக இல்லாவிட்டால், கொமட்டில் தண்ணீர் இழுக்கும்போது பக்கத்துத் தொட்டியின் வளைகுழாயில் நிற்கும் தண்ணீரும் உறிஞ்சப்பட்டுப் போய்விடும். சாக்கடை வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது அந்தக் கையளவு தண்ணீர் மட்டுமே. அது போனபின் வரும் நாற்றத்துக்குக் கீழே வாடகைக்கு இருப்பவர்கள் சாம்பிராணி போடுவார்கள்.

இவ்வளவையும் மறுநாளே கொங்கிறீற் மூடிவிடும். அதனால்தான் மூடுமுன் நகரசபை இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். குழாயை நிரப்பிக் கசிவு பார்ப்பார், சரிவு பார்ப்பார், இணைப்புகளைப் பார்ப்பார். சுவரை மூடுமுன் இன்னொரு தடவை, எல்லாம் முடிந்தபின் கடைசித் தடவை. மின்வேலைக்கு மின் பாதுகாப்பு அதிகாரசபையிடம் தனியாக அறிவிக்க வேண்டும். ஈரம் உள்ள அறையில் வயரிங் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? வேலை செய்தவரிடம் கூலி வாங்காத ஒரே ஆள் இந்த இன்ஸ்பெக்டர்தான். அவரைத்தான் நாங்கள் கள்ளனைப்போல் பார்க்கிறோம்.

2013 யூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. அப்படிப்பட்ட மழையில் தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவு வந்த வழியே திரும்பும். முதலில் வெளியேறுவது வீட்டின் ஆகத் தாழ்ந்த துளையால், அதாவது பேஸ்மென்ற் கொமட்டாலும் குளிக்குமிடத்தாலும். திரும்பி வருவதைத் தடுக்கும் வால்வு ஒன்று உண்டு. அதைப் போடுவதற்கு ரொறன்ரோ நகரசபை மானியமும் தருகிறது. ஒளித்துச் செய்யும் வேலையில் வால்வைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ரைல் என்ன நிறம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சொத்துவரி கூடும் என்ற பயத்தையும் எடுத்துக்கொள்வோம். மதிப்பீட்டில் பெரும்பங்கு வகிப்பவை இடம், காணியின் அளவு, வீட்டின் பரப்பு, வயது, கட்டுமானத் தரம் ஆகிய ஐந்தும்தான். குளியலறை எண்ணிக்கை அதற்குப் பிறகு வரும் சில்லறை. மாத வாடகையோடு ஒப்பிட்டால் பேசவே வெட்கமாக இருக்கும்.

உண்மையான பயம் வேறு. இன்ஸ்பெக்டர் வோஷ்றூமைப் பார்ப்பார் என்று எவரும் பயப்படுவதில்லை. அதற்குப் பக்கத்தில் சொல்லாமல் போட்ட குசினியைப் பார்த்துவிடுவார் என்றுதான் பயம். அந்தப் பயமும் பழசாகிவிட்டது. 2022இல் ஒன்ராறியோ கொண்டுவந்த சட்டம், நகரக் குடியிருப்புக் காணிகள் பெரும்பாலானவற்றில் மூன்று வீட்டு அலகுகள் வரை அனுமதிக்கிறது. 2023இல் ரொறன்ரோ நான்கு வரை போனது. வாடகைக்கு விடுவது இன்று குற்றமில்லை. தீ பரவாத தடுப்பும் புகை அறிவிப்பானும் தப்ப வழியும் இல்லாமல் விடுவதுதான் குற்றம்.

நகரசபையைப் பாராட்டவும் எனக்கு மனமில்லை. வரைபடம் வேண்டும், படிவம் வேண்டும், ஒரு கையெழுத்துத் தவறினால் திரும்ப வரும். முழுமையான விண்ணப்பத்துக்கு 10 வேலை நாளில் பதில், கூப்பிட்டால் இரண்டு நாளில் பரிசோதனை என்று விதியில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் இழுபடுவதைப் பற்றிக் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. கவுன்சிலரிடம் போய்ச் சண்டை பிடியுங்கள். அந்தக் கோபத்தைக் கழிவுக் குழாயில் காட்டுவது என்ன நியாயம்?

"பெர்மிட் தேவையில்லை அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லும் வேலைக்காரத் தம்பி, பிடிபட்டால் கைத்தொலைபேசியை எடுக்கமாட்டார். கொங்கிறீற்றை மறுபடி உடைத்துக் காட்டு என்று உத்தரவு வந்தால் உடைக்கும் செலவு உங்களுடையது. கட்டடச் சட்டத்தின்படி தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 50,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் பெர்மிட்டைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் அயலவன் மலக்குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வெட்டினால் வேலியில் நின்று சண்டை பிடித்தவர்கள் நாங்கள். சுண்ணக்கல் நிலத்தில் அது எங்கே போய்ச் சேரும் என்று எங்களுக்குத் தெரியும். அன்று கிணறு எங்களுடையது. இன்று ஸ்காபரோ பேஸ்மென்றில் இருப்பது போன கோடையில் வந்த மாணவன், அல்லது அகதிக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருக்கும் குடும்பம். அவர்கள் நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து முறையிடலாம், தமிழிலேயே பேசலாம். ஆனால் அழைத்தால் அந்த இடமும் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே அழைக்கமாட்டார்கள். பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் மேல்மாடியில் இருப்பவர்தான், அதுவும் தரையை உடைக்குமுன்.