மூன்று மாத வயிற்றுவலிக்குப் பெயர் ‘கேஸ்’தானா?

லஸ் முனையிலோ பாண்டி பஜாரிலோ ஒரு மருந்துக் கடையில் காலை நேரத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்க, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் “அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை” என்கிறார்கள். கடைக்காரர் பான்டோபிரசோல் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். எத்தனை நாளாக வலி, எந்த இடத்தில் வலி, எடை குறைந்திருக்கிறதா என்று கேட்க அங்கே ஆளில்லை. நெஞ்செரிச்சல், உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் என எல்லாவற்றையும் ‘கேஸ்’, ‘அல்சர்’ என்ற இரண்டு சொற்களுக்குள் அடைத்துவிட்டோம். எண்டோஸ்கோபி செய்துகொள்ளாதவர்கள்கூட “எனக்கு அல்சர்” என்கிறார்கள். இரண்டு நாள் தொல்லைக்கு ஓம வாட்டரும் மோருமே போதும். வாரக்கணக்கில் நீடிக்கும் தொல்லைக்குக் காரணம் தேடித்தான் ஆகவேண்டும். அந்தத் தேடலை, நம் ஊரில் எது அதிகம், எது அரிது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் இப்போது வயிறு சரியில்லை என்றதும் முதல் பழி கோதுமை மேல் விழுகிறது. குளூட்டன் இல்லாத மாவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் உண்மையானதுதான். ஆனால் பி.எஸ். ராமகிருஷ்ணா முதன்மை ஆசிரியராக இருந்து 2016இல் வெளியான ஆய்வு, நாட்டின் மூன்று பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. வட இந்தியாவில் ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். அதே சமயம் பாலைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துபோவது வடக்கைவிடத் தெற்கில் அதிகம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து வாயுவாகிறது. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு தம்ளர் பாலைப் பெரும்பாலோர் தாங்குவார்கள். நான்கு ஃபில்டர் காபி, ஐஸ்கிரீம், படுக்கும்முன் சூடான பால் எல்லாம் சேர்ந்தால்தான் சிக்கல். “தயிர் சாதம் ஒத்துக்கொள்கிறதே, அப்புறம் பால் எப்படிக் காரணமாகும்?” என்பார்கள். தயிராகும்போதே அதிலுள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கச் செலவே இல்லை. கோதுமையை மட்டும் பரிசோதனைக்கு முன்பே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சீலியாக் இருந்தாலும் ரத்தத்தில் தெரியாமல் போகலாம்.

எனக்குக் கவலை தருவது குடல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில்தான் அது பெரும்பாலும் வரும். குடல் அழற்சி நோயான குரோனும் அதே இடத்தில், அதே வலியோடு வரும். அனுபவமுள்ள மருத்துவர்களே இரண்டையும் பிரித்தறியத் திணறுவதுண்டு. குரோனுக்குத் தரும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் காசநோயை முற்றவைத்துவிடும். காசநோய் என்று தெரிந்தால், பெரும்பாலோர் ஆறு மாத மருந்தில் குணமாகலாம். அரசு அதை இலவசமாகவே தருகிறது. கேஸ் மாத்திரையிலேயே ஓடிவிட்ட மாதங்களை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது. அந்த மாத்திரை இன்னொரு கெடுதலும் செய்கிறது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறிந்ததற்காக மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். பான்டோபிரசோலை இரண்டு வாரமாவது நிறுத்தாமல் அக்கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இளைஞர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஐபிஎஸ் என்னும் குடல் எரிச்சல்தானே, ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஐபிஎஸ் என்பதற்கும் வரையறை இருக்கிறது: வாரத்துக்கு ஒரு நாளாவது வலி, அது மூன்று மாதமாக நீடிப்பது, மலம் கழிப்பதோடு அதற்குள்ள தொடர்பு. கேட்டறிந்து வைக்கும் பெயர் அது. மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, தானாகக் குறையும் எடை, மாலைக் காய்ச்சல், ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும், ஐபிஎஸ் என்று சொல்லி அத்தோடு விட்டுவிடக் கூடாது. நைட் ஷிஃப்டும் பரோட்டாவும்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது வீட்டில் எழும் வாதம். அவை தொல்லையைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் பரோட்டாவை விட்டால் காசநோய் போகாது. திட்டு வாங்கும் பிள்ளை அடுத்த முறை வலியை வெளியே சொல்லவும் மாட்டான். ஸ்கேன், கொலோனோஸ்கோபி என்று செலவு இழுக்குமே என்ற பயமும் உண்டு. பலருக்கு முதல் கட்டத்தில் அவை தேவைப்படாது. ஹீமோகுளோபினும் மலப் பரிசோதனையுமே நிறையச் சொல்லிவிடும். ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கே போகலாம். கையில் ஒரு தாள் மட்டும் இருக்கட்டும்: இரண்டு வாரமாக என்ன சாப்பிட்டோம், எப்போது வலித்தது, நாளுக்கு எத்தனை முறை போனோம், எடை எவ்வளவு, எந்த மாத்திரையை எத்தனை நாளாக விழுங்கினோம்.