தோன்றா எழுவாயும் செலவில்லா அலங்காரமும்

"பழைய சேலையில் திரைச்சீலை செய்யலாம்." "காலிப் புட்டியைப் பூச்சாடி ஆக்கலாம்." "ஒரு ரூபாயும் செலவில்லாமல் வீட்டையே மாற்றலாம்." விழாக்காலம் நெருங்கும்போது நம் கைப்பேசித் திரையில் வந்து குவியும் காணொளிகளின் தலைப்புகள் ஏறத்தாழ இப்படித்தான் அமைகின்றன. இவ்வாக்கியங்களில் செயப்படுபொருள் உண்டு, பயனிலை உண்டு. எழுவாய் மட்டும் இல்லை. தமிழ் இலக்கணம் இதனைத் தோன்றா எழுவாய் என்கிறது. 'வந்தேன்' என்று சொன்னால் எழுவாய் தோன்றாவிட்டாலும் விகுதி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 'செய்யலாம்' அதையும் செய்வதில்லை. 'செய்யல் ஆம்' என்பதிலிருந்து வந்த இவ்வடிவம் திணை, பால், எண், இடம் எதையும் காட்டாது. நானும் செய்யலாம், நீங்களும் செய்யலாம், அவர்களும் செய்யலாம்.

வாக்கியத்தில் இது ஒரு வசதி. வீட்டுக்குள் வரும்போது அந்த வெற்றிடம் வெற்றிடமாக நிற்பதில்லை. வழக்கம் அதனை நிரப்பிவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த எழுவாய் யார் என்பதை ஊகிக்க மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தியில் புழங்கும் 'கபாட் சே ஜுகாட்' என்னும் தொடரில் வினையே கிடையாது: கழிவுப்பொருளிலிருந்து ஒரு வழி பிறக்கிறது, அவ்வளவே. பிறப்பிப்பவர் அங்கும் மறைந்தே இருக்கிறார்.

சிக்கனமான வீட்டலங்காரத்தை நான் மறுக்கவில்லை. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் எங்களைப் போன்ற ஆய்வாளர் குடும்பங்களுக்குச் சிக்கனம் ஒரு தேவை. வாடகை வீட்டின் வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒரு குழந்தையை வளர்ப்பவர்களுக்கு அழகும் ஒரு தேவைதான். என் மறுப்பு கணக்கு எழுதப்படும் முறையைப் பற்றியது. 'செலவில்லாமல்' என்ற சொல் பணத்தை மட்டுமே எண்ணுகிறது, மணிநேரத்தை எண்ணுவதில்லை. அந்த மணிநேரம் யாருடையது என்றும் கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு நாட்டளவில் ஒரு விடை இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பத்தினருக்கான ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்டோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024 இல் மீண்டும் கணக்கெடுத்தபோது அவை முறையே 289, 88 என வந்தன. இரு எண்களும் குறைந்தன. அவற்றுக்கு இடையிலான தொலைவு அப்படியே நின்றது. இவை ஈடுபட்டவர்களின் சராசரி மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அத்தகைய பணியில் ஈடுபட்ட ஆண்களின் பங்கே நூற்றுக்கு முப்பதை எட்டவில்லை.

நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. இக்கணக்கெடுப்புகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் நேரப் பயன்பாட்டு வகைப்பாடு, தம் வீட்டைத் தாமே அலங்கரிப்பதையும் பழுதுபார்ப்பதையும் ஊதியமற்ற வீட்டுப் பணி என்னும் பெரும்பிரிவிலேயே சேர்க்கிறது. பொழுதுபோக்கும் கைவினை விருப்பமும் வேறொரு பெரும்பிரிவில் இருக்கின்றன. புள்ளியியலாளர்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதைக் காணொளிகள் ஒன்றாகக் கலக்கின்றன. வேலையை விளையாட்டின் மொழியில் பேசுகின்றன.

'நம் முன்னோர் இப்படித்தானே வாழ்ந்தார்கள்' என்பது உடனே வரும் மறுமொழி. உண்மைதான், ஆகவே அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சற்று நுணுகிப் பார்ப்போம். ஜார்க்கண்டின் ஹசாரிபாக் வட்டாரச் சிற்றூர்களில் மழைக்காலம் முடிந்து அறுவடை வரும் வேளையில் பெண்கள் மண்சுவர்களைப் புதிதாக மெழுகிச் சோஹ்ராய் ஓவியம் வரைகிறார்கள். திருமணக் காலத்தில் வரைவது கோவர். கருமண் பூசிய சுவரின்மேல் வெண்களிமண்ணைப் பூசி, ஈரம் உலரும் முன் சீப்புத் துண்டால் சுரண்டினால் அடியிலுள்ள கருமை கோடுகளாக வெளிப்படும். செம்மண், மஞ்சள் மண், வெண்களிமண், கருமண் என நிறங்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைப்பவை. 2020 இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இதில் பொருட்செலவு மிகக் குறைவு என்பது எவருக்கும் தெரியும். நான் சுட்ட விரும்புவது வேறு இரண்டு. முதலாவது, அவ்வேலைக்குப் பருவம் உண்டு. உழவுப் பணிகளின் நாட்காட்டியில் அதற்கெனச் சில நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அம்மாவும் மகளும் அண்டை வீட்டாரும் ஒரே வேளையில் அதைச் செய்கிறார்கள். இரண்டாவது, அதற்குப் பராமரிப்பு இல்லை. அடுத்த மழை அதனைக் கரைத்துவிடும், மறு ஆண்டு புதிதாக வரைவார்கள். நம் அடுக்ககங்களில் காகிதப் பூவும் அட்டைப்பெட்டி மாடமும் செய்து மாட்டுகிறோம். செய்யும் நேரம் ஒருமுறைதான்; தூசி தட்டும் நேரமோ வாராவாரம் வருகிறது. புட்டியில் நீரூற்றிக் கொடி வளர்த்தால், வாரம் ஒருமுறையாவது நீரை மாற்றாவிட்டால், டெங்கு பரப்பும் கொசுவுக்கும் சேர்த்தே வீடு கொடுக்கிறோம். 'ஐந்தே நிமிடத்தில் செய்யலாம்' என்னும் தலைப்பில் இந்த வாரக்கடமை இடம்பெறுவதில்லை.

வங்காளத்தின் காந்தாவையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். உடுத்து நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய சேலைக் கரைகளிலிருந்து உருவிய வண்ணநூலால் ஓட்டுத்தையல் இட்டு உருவாக்கும் விரிப்பு அது. துணியும் பழையது, நூலும் பழையது. புதிதாகச் சேர்வது ஒரு பெண்ணின் பிற்பகல்கள் மட்டுமே. பூவேலை மிகுந்த காந்தா ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். 'காந்தா' என்ற சொல்லைச் சமஸ்கிருதத்தின் 'கந்தா' என்பதோடு இணைப்பர். நம் 'கந்தை'யையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அதே மூலத்திற்கே கொண்டுசெல்கிறது. ஒரே வேரிலிருந்து வந்த இரு சொற்களில் ஒன்று அருங்காட்சியகத்திற்குப் போயிற்று, மற்றொன்று வறுமையின் பெயராகவே நின்றுவிட்டது. கிழிந்த துணி இரண்டிடத்தும் கிழிந்த துணிதான். வேறுபாட்டை உண்டாக்கியது அதன்மேல் செலவான உழைப்பு. சில காந்தாக்களில் தைத்தவர் தம் பெயரையும் ஊசியாலேயே எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. மறைக்கப்பட்ட எழுவாய் அங்கே தானே எழுந்து நிற்கிறது.

அந்த எழுவாய்க்கு விலையும் பெயரும் கிடைக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு மிதிலை சான்று. பீகாரின் மதுபனி வட்டாரப் பெண்கள் திருமண அறைச் சுவர்களில் தலைமுறைகளாக வரைந்துவந்தனர். அது வீட்டுவேலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. 1966, 1967 ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியின்போது, அனைத்திந்தியக் கைவினை வாரியம் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை அங்கு அனுப்பியது. சுவரில் வரைந்ததைத் தாளில் வரையுமாறு அவர் பெண்களை ஊக்குவித்தார்; தாள் விற்பனைக்குப் போயிற்று. 1975 இல் ஜெகதம்பா தேவிக்கும் 1981 இல் சீதா தேவிக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கோடு அதே கோடு, கை அதே கை. உழைப்புக்கு விலை குறிக்கப்பட்ட பிறகே உழைத்தவரின் பெயரை நாடு கேட்டது.

இவற்றைப் பொற்காலக் கதைகளாக்க நான் விரும்பவில்லை. சோஹ்ராயிலும் காந்தாவிலும் உழைத்தவர்கள் பெண்களே. அந்தப் பிற்பகல்கள் ஓய்வுக்கு உரியவையாக இருந்திருக்கலாம். ஆயினும் அவ்வழக்கங்கள் நேரத்தை ஒரு பொருளாக மதித்தன. அதற்குப் பருவம் வகுத்தன, பல கைகளுக்குப் பகிர்ந்தன. இன்றைய 'செலவில்லா' அலங்காரம் அந்தப் பருவத்தையும் அந்தக் கைகளையும் விட்டுவிட்டு, அழகு பற்றிய எதிர்பார்ப்பை மட்டும் எடுத்துவந்திருக்கிறது. போதாக்குறைக்கு, செலவில்லை என்று தொடங்கும் காணொளி நடுவில் பசைத் துப்பாக்கியையும் தெளிப்பு வண்ணத்தையும் ஒட்டுத்தாளையும் வாங்கச் சொல்கிறது.

அப்படியானால் நேரமில்லாத, பணமும் அதிகமில்லாத ஒரு குடும்பம் என்ன செய்வது? எந்தத் திட்டத்தையும் தொடங்கும் முன் நான்கு கலங்களில் கணக்கு எழுதலாம் என்பது என் முன்மொழிவு: பணம் எவ்வளவு, செய்ய எவ்வளவு நேரம், பராமரிக்க வாரத்திற்கு எவ்வளவு நேரம், யார்.

நைந்த பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளம், இருபுறமும் நெய்த கரை. குறுக்கே இரண்டாக வெட்டினால் வாசலுக்கு இரு திரைகள் கிடைக்கும். மிஞ்சும் துண்டுகள் திண்டு உறைகளுக்கு ஆகும். கரை இருப்பதால் பக்கவாட்டில் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. மேலே கவ்வும் வளையங்களை மாட்டினால் கீழ்மடிப்பு ஒன்றே தையல். அதையும் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுப்பது ஊதாரித்தனம் ஆகாது. அவருக்குக் கொடுக்கும் தொகை, வீட்டில் ஒருவருடைய ஞாயிறு மாலையை மீட்டுத் தருகிறது. துவைப்பதும் மற்றத் துணிகளோடு சேர்ந்தே முடிந்துவிடும். நான்கு கலங்களிலும் இத்திட்டம் தேறுகிறது.

சுவருக்கு வருவோம். சுண்ணாம்பு மலிவானது என்று படித்துவிட்டுப் பலர் அதில் இறங்குகிறார்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பற்றாது, உரிந்துவிடும். பழைய பூச்சைச் சுரண்டும் உழைப்போ பெரிது. வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவும் வேண்டும். அதைவிட, புத்தக அடுக்கின் இரு முனைகளுக்கு இடையே ஒரு கயிறு கட்டித் துணிக்கவ்விகளால் குழந்தையின் ஓவியங்களைத் தொங்கவிடலாம். ஆணி வேண்டாம், ஓவியம் மாறும்போது அலங்காரமும் மாறும், மாற்றுவதைக் குழந்தையே செய்துகொள்ளும். இதுவும் தேறுகிறது. அட்டைப்பெட்டியில் செய்யும் அலங்கார மாடம் மூன்றாவது கலத்திலேயே விழுந்துவிடுகிறது. எல்லாவற்றிலும் மலிவான அலங்காரம், இருப்பதில் தேவையற்றதை எடுத்து அப்புறப்படுத்துவது. மேசையில் சரிந்து கிடக்கும் ஒளிநகல் கட்டுகளை அகற்றிய வீடு, எந்தக் காகிதப் பூவும் தராத வெளியைப் பெறுகிறது.

'கைவேலையில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறதே, அதற்கும் கணக்கா' என்று தோழி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேலையையும் விருப்பத்தையும் பிரித்தறிய நான் வைத்திருக்கும் சோதனை எளியது: அதைப் பாதியில் விட்டுவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்களா? கேட்கமாட்டார்கள் என்றால் அது விருப்பம். அதற்குக் கணக்கு வேண்டாம், ஆண்டுக்கணக்கில் செய்யலாம். விழாவுக்கு விருந்தினர் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்றால் அது வேலை. ஆய்வேட்டின் ஓர் இயலைத் திருத்தியிருக்க வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. மணமான ஆய்வு மாணவியர் எத்தனை பேரின் சமர்ப்பிப்பு நாள் இத்தகைய கணக்கில் வராத மணிநேரங்களால் தள்ளிப்போகிறது என்பதை நம் துறைகள் எண்ணுவதில்லை. 'சூழ்நிலை' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றன. அந்தச் சொல்லிலும் எழுவாய் கிடையாது.

ஆகவே இந்த விழாக்காலத்தில் வீட்டை அழகுபடுத்தத் திட்டமிடும் நண்பர்களிடம் ஒரு சிறு இலக்கணப் பயிற்சியைக் கேட்டுக்கொள்கிறேன். 'திரைச்சீலை மாற்றலாம்' என்று பட்டியலில் எழுதாதீர்கள். எழுவாயோடு எழுதுங்கள்: 'சனிக்கிழமை காலை அப்பா திரைச்சீலைகளைத் தையற்காரரிடம் கொடுப்பார். மாலையில் அம்மா வளையங்களை மாட்டுவார். ஓவியங்களைக் கயிற்றில் பிள்ளைகள் தொங்கவிடுவார்கள்.' எழுதி முடித்ததும் ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே பெயர் எல்லா வரிகளிலும் வந்தால் முதலில் பட்டியலைத் திருத்துங்கள். வீட்டைப் பிறகு அலங்கரிக்கலாம்.